எவரெஸ்ட் பேஸ் கேம்ப்: சிறு குழுவோடு போவதா, சொந்தமாக கைடு வைத்துப் போவதா?

"லீவு கிடைத்துவிட்டது, பணமும் சேர்த்துவிட்டேன். யாரோடு போவது என்பதில்தான் நிற்கிறேன்." எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். என்ன ஷூ வாங்குவது, எந்த மாதம் போவது என்பதையெல்லாம் அவர்களே தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆனால் நாலு நிறுவனங்களின் விலைப்பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது குழம்பிப்போகிறார்கள். ஒன்று 2,200 டாலர் என்கிறது. இன்னொன்று அதே பாதைக்கு, அதே 14 நாளுக்கு 1,200 என்கிறது. கைடையும் சுமை தூக்கும் போர்ட்டரையும் நாமே அமர்த்திக்கொண்டால் அதிலும் குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் அந்தப் பாதையில் இரண்டு முறை போயிருக்கிறேன். 2017-இல் தனியாக, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் சிறு குழுவில் 11 பேரில் ஒருத்தியாக. 2023-இல் தம்பியோடு, ஒரு கைடு, ஒரு போர்ட்டர் வைத்துக்கொண்டு. இரண்டுமே நல்ல பயணங்கள்தான். ஆனால் எது யாருக்குப் பொருந்தும் என்பதை விலையை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 4,400 மீட்டர் உயரத்தில் ஒருவருக்குத் தலைவலி வந்தால் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் யார்? அந்த முடிவைச் செயல்படுத்த அவர் கையில் உபரி நாளும் உபரி ஆளும் இருக்கிறதா? நான் ஒப்பிடும்போது முதலில் பார்ப்பது இதைத்தான்.

## எதை வைத்து ஒப்பிடுவது

உயரம். விமானத்தில் இறங்கி நடக்கத் தொடங்கும் லுக்லா ஏறக்குறைய 2,850 மீட்டர். நாம்சே பஜார் 3,440, திங்போச்சே 4,410, லோபுச்சே 4,940, கோரக்ஷெப் 5,164, பேஸ் கேம்ப் 5,364. பேஸ் கேம்பில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தூங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. நாம்சேக்கு அடுத்துத் தங்கும் தெங்போச்சேயிலிருந்து திங்போச்சேக்கு 550 மீட்டர். திங்போச்சேயிலிருந்து லோபுச்சேக்கு 530. ஆக, எல்லோரும் பின்பற்றும் 12 நாள் நடைத் திட்டமே விதியை லேசாக மீறித்தான் போகிறது. அதிலும் ஒரு நாளைக் குறைத்து விற்கும் திட்டங்கள் இருக்கின்றன.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியவர், மாரத்தான் ஓடுகிறவர் எல்லாம் இங்கே தப்பித்துவிடுவார் என்று சொல்ல முடியாது. உடல் வலு வேறு, உயரத்துக்குப் பழகுவது வேறு. வலுவானவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்குத்தான் சில சமயம் முதலில் தலை வலிக்கிறது.

நாள் நெகிழ்வு. ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் திட்டம் தாங்குமா? இது உடம்புக்காக மட்டும் கேட்பது இல்லை, லுக்லா விமானத்துக்காகவும்தான். அந்த ஓடுபாதையின் நீளமே 527 மீட்டர்தான், அதுவும் சரிவானது. மேகம் இறங்கினால் விமானம் கிடையாது. 2011 நவம்பரில் வானிலை மோசமாகி ஆயிரக்கணக்கானோர் லுக்லாவில் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள்.

உபரி ஆள். கைடுக்குத் துணையாக எத்தனை உதவி கைடுகள் வருகிறார்கள்?

உண்மையான மொத்தச் செலவு. விளம்பரத்தில் போட்ட விலையை விட்டுவிடுங்கள். வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்பும்வரை கையை விட்டுப் போகும் பணத்தைக் கூட்டுங்கள்.

துணை. 12 நாள் யாரோடு சாப்பிடுவீர்கள், யாரோடு ஒரே அறையில் தூங்குவீர்கள்?

சுமை தூக்குகிறவர்கள். அவர்களுக்கு எத்தனை கிலோ, என்ன கூலி, என்ன காப்பீடு? இதைக் கடைசியில் எழுதினாலும் எனக்கு இது கடைசி விஷயம் இல்லை.

## முதல் வழி: வெளிநாட்டு நிறுவனத்தின் சிறு குழு

காசு கொடுத்துக் குழுவாக மலையில் நடக்கும் இந்த முறை பிறந்ததே நேபாளத்தில்தான். ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1964-இல் காத்மாண்டுவில் மவுண்டன் டிராவல் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அவர் அனுப்பிய முதல் குழுவில் மூன்று அமெரிக்கப் பெண்கள் இருந்தார்கள். இன்று எக்ஸோடஸ், இன்ட்ரெபிட், ஜி அட்வென்ச்சர்ஸ் போன்ற நிறுவனங்கள் உலகம் முழுவதிலிருந்தும் ஆள் சேர்த்து, பெரும்பாலும் 12 பேரைச் சுற்றியே குழு அமைக்கின்றன. நேபாளத்துக்கு வந்து போகும் விமானச் செலவு சேராமல் 1,500 முதல் 2,500 டாலர் வரை கேட்கிறார்கள்.

இந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை 2017-இல் திங்போச்சே லாட்ஜின் சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்தேன். நடுவில் இரும்பு அடுப்பு. அதில் யாக் சாண வரட்டி எரிந்துகொண்டிருந்தது. சுற்றி மரப் பெஞ்சுகளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் எங்கள் தலைமைக் கைடு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை ஒவ்வொருவர் விரலிலும் மாட்டுவார். எண்ணை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொள்வார். எனக்கு 85. பக்கத்தில் இருந்தவருக்கு 88. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அவருக்கு 74. கை குளிர்ந்திருப்பதால் இருக்கும் என்று சொல்லி அவர் விரலைத் தேய்த்துக்கொண்டார். மறுபடி மாட்டினார்கள். 73.

முந்தின நாளிலிருந்தே அவருக்குத் தலைவலி. பத்துப் பேர் தன்னால் காத்திருக்க வேண்டாமே என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். குழுவில் போவதன் பெரிய ஆபத்து எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நாம் நம் உடம்போடு மட்டும் பேசிக்கொள்வது கிடையாது, பத்துப் பேர் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறோம்.

ஆனால் அதே குழுதான் அவரைக் காப்பாற்றவும் செய்தது. எங்களுக்குத் தலைமைக் கைடு தவிர மூன்று உதவி கைடுகள் இருந்தார்கள். மறுநாள் காலை அவர்களில் ஒருவர் ஆசிரியையைப் பக்கத்து ஊரான பெரிச்சேக்கு அழைத்துப்போனார். ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1973-இலிருந்து அங்கே மருத்துவ நிலையம் நடத்துகிறது. டாக்டர் பார்த்துவிட்டு, இறங்கச் சொன்னார். அவர் பங்போச்சேக்கு இறங்கி, நாங்கள் திரும்பும்வரை அங்கேயே தங்கினார். உதவி கைடு கடைசிவரை அவரோடு இருந்தார். எங்கள் பயணம் ஒரு மணிநேரம்கூடத் தடைபடவில்லை.

வெளியே தெரியாத செலவுகள். விலையில் அறையும் போக்குவரத்தும் இருக்கும், மதியச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் இல்லாமல் இருக்கலாம். நன்றாகப் படியுங்கள். கைடு, போர்ட்டர்களுக்கான டிப்ஸ் தனி. எங்கள் குழுவில் ஆளுக்கு 100 டாலர் போட்டோம். தனியாக வருகிறவருக்கு அறையைப் பகிர ஆள் கொடுப்பார்கள். நான் பகிர்ந்த பெண் நல்லவர், ஆனால் அதிகாலை 4 மணிக்குப் பையைத் திறந்து மூடுகிறவர். தனி அறை கேட்டால் கூடுதல் பணம், அதுவும் காத்மாண்டுவில்தான் உறுதி. மேலே லாட்ஜில் இடம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. முன்பணம் திரும்பாது.

இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் இன்னொரு கணக்கு இருக்கிறது. பாதை கடந்துபோகும் சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டவருக்கு 3,000 நேபாள ரூபாய், தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் நாட்டவருக்கு 1,500. லுக்லா விமானத்திலும் இந்தியர்களுக்கு டாலர் கட்டணத்தைவிடக் குறைந்த தனிக் கட்டணம் உண்டு. எல்லோருக்கும் ஒரே விலை போடும் நிறுவனத்தில் சேர்ந்தால் இந்தச் சலுகை நம் கைக்கு வராது.

யாருக்குப் பொருந்தும்: தனியாக வருகிறவர்களுக்கு, முதன்முதலாக உயரமான மலைக்குப் போகிறவர்களுக்கு, முக்கியமாகத் தனியாக வரும் பெண்களுக்கு. 50-ஐத் தாண்டியவர்களுக்கும் இதையே சொல்வேன், ஆனால் தலைவலியை மறைக்க மாட்டேன் என்று தனக்குத்தானே உறுதி செய்துகொண்டவராக இருந்தால் மட்டும்.

## இரண்டாம் வழி: காத்மாண்டு ஏஜென்சியின் குழு

காத்மாண்டுவின் தமேல் தெருக்களில் நடந்தால் பத்தடிக்கு ஒரு ஏஜென்சி. குறிப்பிட்ட தேதியில் கிளம்பும் குழுவில் 1,100 முதல் 1,500 டாலருக்குள் சேரலாம். வெளிநாட்டு நிறுவனங்கள்கூட பெரும்பாலும் ஏதாவது ஒரு காத்மாண்டு நிறுவனத்தை வைத்துத்தான் மலையில் வேலையை நடத்துகின்றன. அதே லாட்ஜ், அதே பாதை, பல சமயம் அதே தரத்துக் கைடு. அப்படியிருக்க நேரடியாகப் போனால் என்ன?

போகலாம். நல்ல ஏஜென்சி அமைந்தால் மூன்று வழிகளில் இதுதான் காசுக்கு அதிகம் தருவது, பணமும் நேபாளத்திலேயே தங்கும். சிக்கல் என்னவென்றால், நல்லதையும் மோசமானதையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முடியாது. இணையதளங்கள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு தோழி இப்படி ஒரு குழுவில் போனார். ஒன்பது பேருக்கு ஒரே கைடு. திங்போச்சேயில் இரண்டாம் இரவு கிடையாது, அதை வெட்டித்தான் விலையைக் குறைத்திருக்கிறார்கள். லோபுச்சேயில் ஒருவர் வாந்தி எடுத்து, நிற்க முடியாமல் தள்ளாடத் தொடங்கினார். கைடு செய்தது சரியான காரியம்: அந்த இரவே டார்ச் வெளிச்சத்தில் அவரைக் கீழே கூட்டிப்போனார். ஆனால் மீதி எட்டுப் பேர் ஒரு நாள் முழுக்க லாட்ஜில் உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த நாள் கைடு திரும்பி வந்தபோது உபரி நாள் தீர்ந்திருந்தது. தோழி லோபுச்சேயிலிருந்தே திரும்பிவிட்டார். பேஸ் கேம்புக்கு அங்கிருந்து அரை நாள் நடைதான்.

கைடைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவரை ஒற்றை ஆளாக அனுப்பியதுதான் தவறு. 200 டாலர் மிச்சமானது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது என்றார் தோழி.

வெளியே தெரியாத செலவுகள். குறைந்த ஆள் சேராவிட்டால் தேதி தள்ளிப்போகும், அல்லது வேறு ஏஜென்சியின் குழுவோடு சேர்த்துவிடுவார்கள். சீசனில், அதாவது ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில், லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்புவதில்லை. ராமேச்சாப் மாவட்டத்தில் இருக்கும் மந்தலியிலிருந்துதான் போகின்றன. நள்ளிரவு ஒன்று இரண்டு மணிக்கு வேனில் ஏறி நாலைந்து மணிநேரம் மலைப்பாதையில் போக வேண்டும். அந்த வேன் விலையில் சேர்ந்ததா, பகிர்ந்து போவதா என்று கேளுங்கள். இந்தியாவில் இருக்கும் டிராவல் ஏஜென்ட் மூலம் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று விலையோடு சேர்த்து ஒரு வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், ஆனால் அதுவரை முடங்கும்.

யாருக்குப் பொருந்தும்: ஏற்கெனவே ஒருமுறையாவது 3,500 மீட்டருக்கு மேல் நடந்தவர்களுக்கு, கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்கும் பொறுமை உள்ளவர்களுக்கு. அந்த நிறுவனத்தோடு சமீபத்தில் போய்வந்த ஒருவரிடமாவது பேச முடிந்தால் பாதிக் கவலை தீரும்.

## மூன்றாம் வழி: சொந்தமாகக் கைடும் போர்ட்டரும்

2023-இல் தம்பியோடு போனது இப்படித்தான், ஒரு ஏஜென்சி மூலம் எங்களுக்கென்றே ஆள் அமர்த்திக்கொண்டு. கைடுக்கு நாளுக்கு 30 டாலர், போர்ட்டருக்கு 22. இருவரும் சேர்ந்து நாளுக்கு 52. பன்னிரண்டு நாளுக்கு 624. நாங்கள் இரண்டு பேர் என்பதால் ஆளுக்கு 312. அறை, சாப்பாடு, விமானம், அனுமதிச்சீட்டு எல்லாம் தனி. நான்கு பேராகப் போய் ஒரு கைடு, இரண்டு போர்ட்டர் வைத்தால் இந்தப் பங்கு ஆளுக்கு 222-ஆகக் குறையும். ஒற்றை ஆளாகப் போனால் 624-ம் நம் தலையில்தான். அப்போது சிறு குழுவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. பலர் இந்தக் கணக்கைப் போடாமல் "சொந்தமாகப் போனால் மலிவு" என்று நம்பிவிடுகிறார்கள்.

நேபாளியில் அண்ணனை 'தாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் கைடை அப்படிக் கூப்பிட முதல் நாள் எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் நாள் பழகிவிட்டது. அவர் என்னை 'தீதி' என்பார், அக்கா. தம்பியை 'பாய்'.

திங்போச்சேயில் இரண்டாம் இரவு முடிந்த அதிகாலையில் தம்பிக்குத் தலைவலி. ஒருமுறை வாந்தியும் எடுத்தான். கைடு வந்து அவனை அறைக்கு வெளியே கூட்டிப்போய், ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரல் நுனியோடு ஒட்டவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். பத்தடி தடுமாறாமல் நடந்தான். மூளையில் நீர் கோத்திருந்தால் அப்படி நடக்க வராது. "சரி தீதி, கீழே இறங்க வேண்டிய அளவுக்கு இல்லை. ஆனால் இன்றைக்கு மேலே ஏற வேண்டாம். இங்கேயே இருப்போம். மதியம் பார்ப்போம், கூடினால் இறங்கிவிடுவோம்" என்றார். அவ்வளவுதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, யாரும் காத்திருக்கவில்லை. தம்பி பூண்டு சூப் குடித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் தலைவலி விட்டுவிட்டது. மறுநாள் மெதுவாக லோபுச்சேக்கு ஏறினோம்.

அந்த ஒரு நாளுக்கு எங்களுக்கு ஆன கூடுதல் செலவு 52 டாலரும் அறையும் சாப்பாடும். அதே காலையில் பக்கத்து லாட்ஜிலிருந்து ஒரு குழு கிளம்பியது. கடைசியாகப் போனவர் பத்தடிக்கு ஒருமுறை கம்பை ஊன்றி நின்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் என்ன ஆனார் என்று தெரியாது. ஆனால் அந்தக் குழுவில் தம்பி இருந்திருந்தால் அவனும் அன்றைக்கு ஏறித்தான் இருப்பான் என்று இன்றும் நினைக்கிறேன்.

வெளியே தெரியாத செலவுகள். மேலே போகப் போக எல்லாமே விலை ஏறும். சுடுதண்ணீர்க் குளியல், போன் சார்ஜ், வைஃபை, குடிக்கக் கொதிநீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் காசு. அறைவாடகை குறைவாக இருக்கும், ஆனால் தங்கும் லாட்ஜிலேயே சாப்பிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். எங்களுக்கு அறையும் சாப்பாடுமாக ஆளுக்கு நாளுக்கு 30 டாலரைத் தொட்டது. அக்டோபர் உச்சத்தில் லோபுச்சேயிலும் கோரக்ஷெப்பிலும் படுக்கை கிடைப்பது சிரமம். பெரிய குழுக்கள் முன்பதிவு செய்துவிடும், இரண்டு பேருக்காகக் கைடு போனில் கெஞ்ச வேண்டியிருக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மறைமுகச் செலவு, கைடு ஒருவரையே முழுக்க நம்பியிருப்பது. அவருக்கே உடம்பு முடியாமல் போனால்? நாம் கூலிக்கு அமர்த்தியவர் நம்மைப் பார்த்து "ஏறாதே" என்று சொல்லத் தயங்கினால்? கிளம்புவதற்கு முன்பே காத்மாண்டுவில் டீக்கடையில் உட்காரவைத்து, "தாய், இறங்கு என்று நீங்கள் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் இறங்குவோம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன்.

இன்னொன்று. 2023 ஏப்ரல் 1 முதல் நேபாளம் வெளிநாட்டு மலையேறிகளுக்குக் கைடு கட்டாயம் என்று அறிவித்தது. எவரெஸ்ட் இருக்கும் கும்பு பகுதியின் உள்ளாட்சி அதை அங்கே கட்டாயப்படுத்தப்போவதில்லை என்றது. அதனால் கைடே இல்லாமல் போகிறவர்களும் உண்டு. முதல்முறை போகிறவர்களுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

யாருக்குப் பொருந்தும்: இரண்டு முதல் நான்கு பேராக, ஒருவரை ஒருவர் நன்றாகத் தெரிந்தவர்களாகப் போகிறவர்களுக்கு. வயதான பெற்றோரோடு, வளர்ந்த பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு. மெதுவாக நடக்கிறவர்களுக்கு, போட்டோ எடுக்க நிற்கிறவர்களுக்கு. கையில் குறைந்தது இரண்டு உபரி நாள் இருக்க வேண்டும், அது இல்லையென்றால் இந்த வழியின் பலனே போய்விடும்.

## ஊரிலிருந்தே கிளம்பும் பெரிய குழு

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ 15, 20 பேராகச் சேர்ந்து போகும் வழியும் இருக்கிறது. பாஷை, சாப்பாடு, பாட்டு, கலகலப்பு என்று மனசுக்கு இதுதான் இதம். ஆனால் 20 பேர் ஒரே வேகத்தில் நடக்க மாட்டார்கள். முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் இரண்டு மணிநேர இடைவெளி விழும். ஐந்து பேருக்கு ஒரு கைடு வீதம் இருந்தால் போங்கள். சாப்பாட்டுக்காக மட்டும் என்றால் கவலையே வேண்டாம். தால் பாத் எல்லா லாட்ஜிலும் கிடைக்கும், சோறும் பருப்பும் கேட்கக் கேட்க வரும். கும்புவில் மிருகங்களை வெட்டுவதில்லை. இறைச்சி கீழிருந்து முதுகில் சுமந்து, குளிர்பெட்டி இல்லாமல் வருகிறது. அதனால் அசைவக்காரர்களையே நாம்சேக்கு மேல் சைவமாக இருக்கச் சொல்வார்கள் கைடுகள்.

## ஒரே பார்வையில்

| | வெளிநாட்டுச் சிறு குழு | காத்மாண்டு ஏஜென்சி குழு | சொந்தக் கைடு, போர்ட்டர் |
|---|---|---|---|
| விலை (நேபாளம் வந்துபோகும் விமானம் தவிர) | 1,500–2,500 டாலர் | 1,100–1,500 டாலர் | இரண்டு பேர் என்றால் ஆள்கூலி ஆளுக்கு 312. மற்றதெல்லாம் தனி |
| ஒருவருக்கு முடியாவிட்டால் | உதவி கைடு கூட இறங்குவார் | கைடுகள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது | எல்லோரும் சேர்ந்து நிற்பீர்கள், சேர்ந்து இறங்குவீர்கள் |
| ஒரு நாள் கூட்டித் தங்க | தனிப்பட்டவருக்காக முடியாது | அநேகமாக முடியாது | முடியும் |
| சார்க் நாட்டவர் கட்டணச் சலுகை | பெரும்பாலும் கிடைக்காது | கேட்டால் கிடைக்கலாம் | முழுதாக நமக்கே |
| தனியாக வருகிறவருக்கு | நல்லது | பரவாயில்லை | செலவு அதிகம் |

## எந்த வழியிலும் மறக்கக் கூடாதவை

காப்பீடு. சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் மலையேற்றமே விலக்குப் பட்டியலில் இருக்கும், அல்லது குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. 6,000 மீட்டர் வரை, ஹெலிகாப்டர் மீட்பும் உட்பட என்று பாலிசியில் அச்சில் இருக்க வேண்டும். ஹெலிகாப்டருக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். இதில் மோசடியும் நடந்திருக்கிறது. தேவையில்லாமல் ஹெலிகாப்டரை வரவழைத்துக் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் கறந்ததை 2018-இல் நேபாள அரசின் விசாரணையே வெளியே கொண்டுவந்தது. லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டர் என்று யாராவது அவசரப்படுத்தினால், நடந்து இறங்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். நிஜமாகவே தேவைப்படும்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

உயரநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை பற்றி ஊரில் உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டுப் போங்கள். சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பேஸ் கேம்பில் நின்று பார்த்தால் எவரெஸ்ட் சிகரம் தெரியாது, முன்னால் இருக்கும் மலைகள் மறைத்துவிடும். அதைப் பார்க்க கோரக்ஷெப்பிலிருந்து அதிகாலையில் காலா பத்தர் ஏற வேண்டும். அது 5,500 மீட்டருக்கு மேல். நாள் குறைத்த திட்டங்களில் முதலில் வெட்டுப்படுவது இந்தக் காலைதான். அட்டவணையில் காலா பத்தர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிறகு போர்ட்டர்கள். ஒரு இளம் போர்ட்டர் உயரநோயால் இறந்ததைத் தொடர்ந்து 1997-இல் சர்வதேசப் போர்ட்டர் பாதுகாப்புக் குழு உருவானது. நேபாளத்தில் ஒருவர் 30 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் வரம்பு. இரண்டு பயணிகளுக்கு ஒரு போர்ட்டர் என்றால், அவருடைய சொந்தத் துணிமணியும் இந்த 30-க்குள் அடங்க வேண்டும். ஆக, நம் பை 12 கிலோவைத் தாண்டக் கூடாது. எங்களோடு வந்த பையனுக்கு 20 வயது இருக்கும். நாம்சே ஏற்றத்தில் முதுகுச் சுமையைக் கம்பில் தாங்கி நின்றபடி மூச்சு வாங்கினான். நெற்றியில் சுமைப் பட்டை பதிந்த தடம் சிவந்திருந்தது. அன்று இரவே தம்பியும் நானும் பையைப் பிரித்து மூன்று கிலோவுக்கு மேல் எடுத்து நாம்சே லாட்ஜிலேயே விட்டுவிட்டோம். திரும்பும்போது வாங்கிக்கொண்டோம். அந்த மூன்று கிலோவில் எதுவுமே மேலே தேவைப்படவில்லை.

## முன்பணம் கட்டும் முன்

எந்த நிறுவனமானாலும் எந்தக் கைடானாலும் இந்தக் கேள்விகளை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

- நாம்சே, திங்போச்சே இரண்டிலும் இரண்டு இரவு உண்டா?
- லுக்லாவிலிருந்து திரும்பிய பிறகு காத்மாண்டுவில் எத்தனை உபரி நாள்? விமானம் ரத்தானால் தங்கும் செலவு யாருடையது?
- குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், அவர்களுக்கு எத்தனை கைடுகள்?
- போர்ட்டருக்கு எத்தனை கிலோ, அவருக்குக் காப்பீடு இருக்கிறதா?
- மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, மந்தலி வேன், அனுமதிச்சீட்டு, டிப்ஸ் இவற்றில் எது விலையில் சேரும், எது சேராது?
- லோபுச்சேயில் ஒருவருக்கு முடியாமல் போனால் அவரோடு இறங்குவது யார்? மீதிப் பேரோடு மேலே போவது யார்?

கடைசிக் கேள்வியை 2023-இல் நான் நான்கு ஏஜென்சிகளுக்கு அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்து "கவலை வேண்டாம், எல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்று வந்தது. ஒன்று பதிலே போடவில்லை. நான்காவதிலிருந்து வந்த பதிலில், "நீங்கள் இருவர்தான் என்பதால் கைடு உங்களோடு இறங்குவார், ஒருவர் மட்டும் மேலே போக அனுமதிக்க மாட்டோம். ஒருவர் தொடர விரும்பினால் நாம்சேயிலிருந்து இன்னொரு கைடை அனுப்ப ஒரு நாள் ஆகும், அதற்கு நாளுக்கு 30 டாலர் கூடுதல்" என்று இருந்தது. அன்றைக்கே அவர்களுக்கு முன்பணம் அனுப்பினேன்.